எவ்வளவு பெரிசு

"தலைநகரம்னா எவ்வளவு பெரிசு?"
முத்தோரை பாலாடா, கேரட் கழுவும் மெஷின்,
விடியக்காலை மூன்றரை.
புருனேயிலிருந்து திரும்பிய போஜன்
மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னான்:
"சேரிங் கிராஸிலிருந்து ஃபிங்கர் போஸ்ட் வரைக்கும் வை.
அதோட ஊர் முடிஞ்சுது."

யாரோ சிரித்தார்கள்.

தங்கக் கும்மட்டம் ஒன்று.
ஆற்றுக்குள் கால் ஊன்றிய வீடுகள்,
தீயணைப்பு நிலையம்கூடத் தண்ணீர்மேல்தான்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
சிக்னல் மட்டும் யாருக்கோ நிறம் மாறும்.
சாராயக் கடை கிடையாது.
"அப்புறம் எதுக்குத் தலைநகரம்?"
லாரிக்காரர் சவரிமுத்து.

குளிர்?
"பதினோரு வருஷத்துல ஸ்வெட்டரை ஒரே தடவை எடுத்தேன்.
மோந்து பார்க்க."

அரண்மனைக் கதவு பெருநாளைக்குத் திறக்கும்.
வரிசையில் நின்றால் சோறு,
கிளம்பும்போது டப்பாவில் கேக்.
டப்பா இன்னும் இருக்கிறது,
அதில் இப்போது பீட்ரூட் விதை.

மெஷின் உறுமியது. செம்மண் கழன்று
கேரட் ஒவ்வொன்றாய் நிறத்துக்கு வந்தது.
ஆறு மணிக்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கணும்.

"அங்க கேரட் கிலோ என்ன விலை?"
இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னான்.

கொஞ்ச நேரம்
எல்லோரும் கேரட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.