அளவு ஒன்றுக்கு ஐம்பது

பதினெட்டு வருடமாக
அடுத்தவர் வீட்டுப் பிளானில்
மரத்துக்கு ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி
என்று வரைந்தே சம்பளம் வாங்குகிறேன்.
மஞ்சக்குப்பத்தில், மாடி அறையில்,
முதலில் காம்பஸ், பிறகு மவுஸ்.
ஒரு கிளிக், மா. இன்னொரு கிளிக், தென்னை.
எந்த வட்டத்திலும் அணில் ஏறியதில்லை.

இப்போது என் வீட்டுக்கு.
கூத்தப்பாக்கம். வீட்டுக்குத் தெற்கே இருபதுக்கு முப்பது.
அதில் பலா நின்ற இடத்தில் ஒரு பள்ளம்.
தானே அடித்த விடியற்காலை
சுவரையும் தொடாமல் கிணற்றையும் தொடாமல்
இடம் பார்த்துப் படுத்த மரம்.
மழை வந்தால் முதலில் நிறைவது அந்தப் பள்ளம்தான்.
எங்கள் மனையின் லெவல்
தவளைக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

குலோத்துங்கன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார்,
சிப்காட்டில் நைட் ஷிப்டு முடித்து வந்த கண்ணோடு.
"பெஞ்சு ரோட்டப் பாத்து இருக்கட்டும்.
மரம் எங்க வேணா வச்சிக்க."

எங்க வேணா என்று ஓர் இடம்
எந்த மனையிலும் கிடையாது.
செப்டிக் டேங்குக்குப் பத்தடி தள்ளி,
கிணற்றுக்கு எட்டு,
நூர்ஜகான் அக்கா சுவருக்கு ஆறு,
கரண்டு கம்பிக்குக் கீழே எதுவும் இல்லாமல்.
எல்லாம் கழித்தபின் தாளில் மிஞ்சியவை மூன்று வட்டங்கள்.
சப்போட்டா. சீத்தா. எலுமிச்சை.

"பலா?" என்றார்.
வேண்டாம் என்றேன். காரணம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது:
மரம் விழுந்த மறுநாள் காலை
அடுப்படி ஜன்னல் வழியாக முதல் முறையாக
வெயில் வந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் இறங்கியது.
அழுதுகொண்டே அதில் கை காட்டிக்கொண்டு நின்றேன்.
அதற்குப் பிறகு அந்த வெயிலை
விட்டுக்கொடுக்க மனமில்லை.
மூன்று வட்டத்தையும்
அது வரும் வழிக்கு வெளியே தள்ளி வைத்திருக்கிறேன்.

பூப்பாத்திக்குச் செம்மண் ஒரு டிராக்டர் வந்தது.
இரண்டாயிரத்துப் பதினைந்தில் நின்ற தண்ணீரின் கோடு
இன்னும் சுவரில் பழுப்பாக இருக்கிறது.
அதற்கு மேல் நான்கு விரல் உயரத்தில் பாத்தி.
மல்லி, கனகாம்பரம், டிசம்பர் பூ என்று எழுதும்போது
அவர் பக்கத்தில் நின்று சொன்னார்:
"எனக்கு மூக்கு போயி நாளாவுது. கலரா வையி, போதும்."

எத்தனை நாள் என்று கேட்கவில்லை.
குழம்பு தீய்ந்தபோதெல்லாம்
அவர் எழுந்து வராததை எண்ணிப் பார்த்தேன்.
மல்லியை அடித்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து, அடித்ததன் மேலேயே
மறுபடி மல்லி என்று எழுதினேன்.
பூத்தால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கொத்தனார் ஆரோக்கியம் கேட்டார்:
"பெஞ்சு இங்கியாம்மா? நாலு மணி வெயிலு நேரா அடிக்குதே."
"சப்போட்டா நிழல் இங்கதான் விழும்."
முழங்கால் உயரக் கன்றைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
நடுவில் ஒரு தடவை வானத்தையும்.
"எத்தினி வருசத்துல?"
"ஆறு. இல்லன்னா எட்டு."
சிமெண்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே
தனக்குத்தானே சிரித்தார்.

ரோட்டைப் பார்த்து இல்லை. பாத்தியைப் பார்த்து.
அதற்குக் குலோத்துங்கன் ஒன்றும் சொல்லவில்லை,
சனிக்கிழமை தானே தண்ணீர் தெளித்து
பெஞ்சைப் பதப்படுத்தியிருந்தார்.

இன்று ஞாயிறு. நான்கு மணி.
சிமெண்டு கொதிக்கிறது.
துண்டை நாலாக மடித்துப் போட்டு
கறுப்புக் குடையை விரித்து உட்கார்ந்திருக்கிறோம்,
இரண்டு டம்ளர் டீயோடு.
கன்றுக்கு ஏழு இலை.
அதன் நிழல் என் செருப்பு வரை வந்திருக்கிறது.
காலை எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

மாடியில் வடகம் அள்ள வந்த நூர்ஜகான் அக்கா
குடையைப் பார்த்துவிட்டு
வானத்தை அண்ணாந்து பார்த்தார்.
"மழையா?"

"இல்லக்கா. சப்போட்டா."