பதிலளிக்காதோர்

பன்னிரண்டு வாரம்.
ஒரே கம்பனி, ஒரே தொகுதி எண், ஒரே சிவப்புக் குளிசை.
ஹட்டன் டவுன் பெண்கள் நூற்று நாற்பது பேர்,
நோர்க்கலைத் தோட்டம், மேல் டிவிசன், நூற்று நாற்பது பேர்.
முடிவில் டவுனுக்கு இரத்தம் ஏறியது
ஒன்று தசம் எட்டு.
மலைக்கு, வெறும் தசம் ஏழு.

ஏறாதவர்களுக்கு அறிக்கையில் ஒரு பெயர் உண்டு.
பதிலளிக்காதோர்: அறுபத்து மூன்று.

நான்தான் அந்தப் படிவங்களைச் சுமந்து ஏறியவள்.
கோப்பு, பஞ்சு, ஊசிமுனை,
அட்டை கடித்தால் தேய்க்க ஒரு துண்டு சவர்க்காரம்.
அறுபத்து மூன்று பேரும்
ஓயாமல் என்னோடு பேசினார்கள்.

அந்தோனியம்மா சொன்னாள்:
"கிளினிக்குக்கு வந்தா அரைப் பேருங்க மிஸ்.
அரைப் பேருன்னா புள்ளைக்கு வேன் காசு நிக்குங்க."
அங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
நான் அவளுக்குக் கொடுத்திருந்ததும் பெயர் அல்ல,
ம 077.

தவமலரின் குளிசை அட்டை எப்போதும் காலி.
நூறு வீதம் என்று எழுதினேன்.
பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த மகளுக்கு
பாதியைக் கொடுத்திருக்கிறாள்.
காலி அட்டையை எண்ணினேன்,
காலில் ஏறிய அட்டையை எண்ணவில்லை,
செருப்பில்லாத பாதங்களையும்.

ஆறாவது வாரம். விடாத மழை.
பீலியில் தண்ணீர் செம்மண்ணாய் வந்த நாள்.
"என் முன்னாலயே போடுங்க அக்கா" என்றேன்,
விதிமுறை அப்படி.
அந்தோனியம்மா சுற்றிப் பார்த்தாள்.
அடுப்பில் சாயத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.
ஒரு டம்ளர் எனக்கு, ஒரு டம்ளர் அவளுக்கு.
ரொட்டியைக் கடித்து, குளிசையை வாயில் போட்டு,
ஊதி ஊதிக் குடித்தாள்.
கண் முன் விழுங்கினார்: சரி.
அந்தச் சரியில் பொய்யில்லை.
டம்ளரும் சூடு, நல்ல சாயம்,
கைவிரல் விறைப்பு விட்டது எனக்கு.

தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்,
உடம்புக்குச் சேர விடாது.
முதலாம் வருடக் கொப்பியில் அந்த வரி
என் கையெழுத்திலேயே இருக்கிறது.
பரீட்சையில் வந்தது. இரண்டு புள்ளி வாங்கினேன்.

அதற்காக எல்லாம் சாயத்தின் பிழை என்றால்
அதுவும் இன்னொரு சோம்பல்.
டவுன்காரி தொடங்கியது பத்து தசம் ஆறில்,
இவள் ஒன்பதில்.
டவுன்காரி பகலில் உட்கார்ந்தாள்.
புழு இருக்கலாம். வயிறு காய்ந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாதது இன்னும் இருக்கும்.

கண்டியில் கூட்டம். திரையில் இரண்டு தூண்கள்,
ஒன்று உயரம், ஒன்று குட்டை.
படிவத்தில் எவளும் வெறுமையாக விடாத
ஒரே பெட்டி, இனம்.
ஆகவே கணினிக்குக் கிடைத்த காரணமும் அதுவே.
"மரபணு சார்ந்ததாக இருக்கலாம்,"
கண்ணாடியைத் துடைத்தபடி ஒருவர் சொன்னார்.
"மேலதிக ஆய்வு தேவை."
சாயத்தண்ணிக்குப் பெட்டியில்லை.
பீலிக்கு இல்லை. அரைப் பேருக்கு இல்லை.
கை உயர்த்தினேன். சொன்னேன்.
நல்ல குறிப்பு என்றார்கள்,
அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள்,
பிறகு சிற்றுண்டி வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது
கினிகத்தேனை தாண்டி ஒரு அழைப்பு.
"மிஸ், நாந்தான் அந்தோனியம்மா.
எழுபத்தேழுங்க.
என் ரத்தம் பாஸாயிருச்சா?"

வளைவில் சிக்னல் விட்டு விட்டு வந்தது.
விட்டதா, நான்தான் விட்டேனா,
ஹலோ, ஹலோ என்றாள், மூன்று தடவை.
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னையும் சேர்த்தால்
அறுபத்து நான்கு.