விழுங்கிய லகரம்

பூர்க்டோர்ஃப் ரயிலடி வெதுப்பகத்தில்
ஆறு வருசம் "மில்ஷ்" கேட்டிருக்கிறேன்.
வகுப்பில் படித்த சுத்த ஜெர்மன்.
கவுண்டர்க்காரி
காது கேளாதவனுக்குப்போல் உரக்க,
விலையை விரல் மடக்கிக் காட்டுவாள்.
மிச்சக் காசு தட்டில் விழும்.

நேற்று விடியப்புறம், இரவுவேலை முடிந்த களைப்பு,
கூட நிற்கும் ஊர்ஸ் சொல்லுமாப்போல
வாய் தானாய் ஒரு 'ல்'லை விழுங்கிற்று:
"மியுஹ்."

நிமிர்ந்தாள்.
முழங்கால் வலி, மருமகன், விடாத மழை
எல்லாம் ஒரே மூச்சில்.
பாதிதான் விளங்கினது. தலையாட்டினேன்.

"பெயர்?"
"வில்வராசன்."
"வியுவராசன்!" என்றாள்
ஊர்க்காரனைக் கூப்பிடுமாப்போல.
காசை உள்ளங்கையில் வைத்தாள்,
அவள் விரல் சூடு.

திருத்தவில்லை.
ரயில் நகர்ந்தபிறகு
ஜன்னல் பக்கம் திரும்பி
ஒருமுறை, மெல்ல,
முழுப் பெயரையும் சொல்லிப் பார்த்தேன்.