பதினேழாம் எண்

விசிறிகள் மூன்றும் சுற்றுகின்றன.
அலங்காரத்துக்கு வைத்த ஊதா விளக்குகூட எரிகிறது.
ஆனால் பதினேழாம் எண் கணினி
தன் மடியில் செருகியிருக்கும் கிராபிக்ஸ் கார்டைத்
தெரியாது என்கிறது.
இங்கே யாருமில்லையே என்கிறது,
கடன்காரன் வந்து நிற்கும் வீட்டுப் பிள்ளை மாதிரி.

உலான்பாத்தர். ஜனவரி. இரவு இரண்டே கால்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கரிப்புகை கதவிடுக்கில் நுழைந்து
ஹாலில் உட்கார்ந்திருக்கிறது, காசு கட்டாமல்.
இருபத்து மூன்று பையன்கள்
யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
பதினேழின் முன்னால் நான் மட்டும்
ஸ்க்ரூடிரைவரோடு.

டிரைவரை அழித்தேன், ஏற்றினேன்.
அழித்தேன். ஏற்றினேன்.
பயாஸுக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.
நாணயமளவு பேட்டரியைக் கழற்றி
ஐந்து நிமிடம் உள்ளங்கையில் மூடியிருந்தேன்,
எல்லாம் மறந்துபோகட்டும் என்று.
தேதியை மறந்தது. மணியை மறந்தது.
கார்டு மட்டும் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

இந்த ஊர்க் குளிர்காலக் காற்றில் ஈரமே கிடையாது.
கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கும்.
அதனால் எதைத் தொடுமுன்னும்
ஹீட்டர் குழாயில் பெயின்ட் உரிந்த இடத்தைத் தொட்டுக்கொள்வேன்.
பிரார்த்தனை என்று பையன்கள் நினைக்கிறார்கள்.
அன்று அதுவாகவும் இருந்திருக்கலாம்.

கார்டைக் கழற்றி அதன் தங்கப் பற்களைத்
தம்பியின் பள்ளி ரப்பரால் தேய்த்தேன்.
மூச்சடக்கிச் செருகினேன்.
'டக்' என்று கேட்க வேண்டிய இடத்தில்
'ட' என்று மட்டும் கேட்டது.
எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு கோபம்.
விற்றவன் தார்ஹான் நகரத்துத் தவாசுரென்.
பழசு, ஆனால் ஓடும் என்றான்.
நாலு லட்சம் துக்ரிக் வாங்கிக்கொண்டு
குழந்தைப் போர்வையில் சுற்றி
பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான்.

ஒன்று: உங்கள் கார்டு செத்துப்போய் வந்திருக்கிறது.
இரண்டு: ராப்பகலாக நாணயம் தோண்டவிட்டுச்
சக்கையை என் தலையில் கட்டிவிட்டாய்.
மூன்றாவதை இங்கே எழுத மாட்டேன்.
அதில் அவன் குதிரையும் வந்தது.

மூன்றிலும் பார்த்த குறி விழுந்தது.
பதில் இல்லை.

சும்மா ஒரு பேச்சுக்கு
அதே கார்டை நாலாம் எண்ணில் மாட்டிப் பார்த்தேன்
(அங்கே ஆடிக்கொண்டிருந்த எர்ஹெஸுக்கு ஒரு மணி நேரம் இலவசம்).
'டக்.'
திரை விழித்தது.
பெயர், மெமரி, வெப்பம்,
கேட்காததையும் சொன்னது கார்டு.

பதினேழுக்குத் திரும்பி
போன் டார்ச்சை உள்ளே அடித்தேன்.
ஸ்லாட்டின் அடியில், நீளவாக்கில்,
ஒரு பழுப்புத் துணுக்கு.
இடுக்கியால் எடுத்தேன்.
பைன் கொட்டை ஓடு. பாதி.
பல்லால் உடைத்தது.

யார்?
குளிர்காலத்தில் இந்த நகரத்தில்
பைன் கொட்டை கொறிக்காத வாய் ஏது?
பஸ்ஸில், வங்கி வரிசையில், ஆஸ்பத்திரிப் படிகளில்
நடந்தால் காலடியில் நொறுங்கும்.
இருபத்து மூன்று முகங்களையும் சந்தேகப்பட்டேன்,
எர்ஹெஸைக் கொஞ்சம் கூடுதலாக.
பழக்கத்தில் கை ஜாக்கெட் பைக்குள் போனது.

மீதிக் கொட்டைகள் அங்கே இருந்தன.

போன செவ்வாய்க்கிழமை
இதே பெட்டியைத் திறந்து ராம் மாற்றியவள் நான்.
வாய் சும்மாவா இருந்திருக்கும்.

செருகினேன். முழுச் சொல்லும் கேட்டது.
நீயா, எப்போது வந்தாய் என்றது பதினேழு.
என்னவோ புதிதாய்ப் பார்க்கிற மாதிரி.

நாலாவது செய்திக்கு ஒரு மணி நேரம் ஆனது.
அழித்தேன், ஏற்றினேன்.
கடைசியில் அந்த ஓட்டைப் படம் எடுத்து,
அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ வைத்து,
'மன்னியுங்கள்' என்று மட்டும் போட்டு அனுப்பினேன்.

ஏழு மணிக்கு, இன்னும் விடியாத இருட்டில்,
பதில் வந்தது அவரிடமிருந்து.
மன்னித்தேன் என்றெல்லாம் இல்லை.

சுகர்மா, இது இந்த வருஷத்துக் கொட்டையா?
எங்கே வாங்கினீர்கள்?
என் குதிரை நலம்.