விலா எண்ணுதல்

அணைக்கட்டில் இன்று நூற்றெட்டு.
டிவி சொல்லும் முன்பே
ஜெர்சி சொல்லிவிட்டது:
நிழலிருந்தும் படுக்காமல் நின்றது,
வாயோரம் நுரைநூல்.

டாக்டர் டில்லிபாபு போனில் கேட்டார்,
"மூச்சு எவ்வளவு?"
ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு
விலா ஏறி இறங்குவதை எண்ணினேன்.
எண்பத்தாறு.
நடுவில் ஈ ஓட்டியதில் இரண்டு தவறியிருக்கலாம்.

"சும்மா தண்ணி ஊத்தாதீங்கம்மா.
காத்து இல்லாத கொட்டாயில
ஈரமே போர்வையாயிடும்."

காற்றுக்கு எங்கே போவேன்?
வீட்டின் ஒரே டேபிள் ஃபேனைச்
செங்கல்மேல் ஏற்றி அதன் பக்கம் திருப்பினேன்.
ஏகாம்பரம் பாயைச் சுருட்டிக்கொண்டு
மாடிக்குப் போனார். ஒன்றும் சொல்லவில்லை.
மாடியும் கொதிக்கும், தெரியும்.

தீவனம் இனி விடிகாலை மூன்றுக்கு;
செரிக்கிற சூடு வேறு இருக்கிறதாம்.
சாயங்காலம் சொசைட்டியில்
பாலும் குறைவு, ஃபேட்டும் இறக்கம்.
"தண்ணி கலந்தியா?" என்றான்.
வந்து மாட்டைப் பார் என்றேன்.
வரவில்லை.

இப்போது மணி ஒன்றேமுக்கால்.
சாக்கை நனைக்கிறேன், எண்ணுகிறேன்.
எழுபது.
கொஞ்சம் கழித்து, அறுபத்து நாலு.
முன்னங்காலை மடிக்கிறது,
யோசிக்கிறது,
மறுபடி நிமிர்கிறது.
பிறகு பெருமூச்சோடு
படுத்தேவிடுகிறது.

மாடியில்
பாய் புரளும் சத்தம்.