கால்வாசி

மூன்றாவது கம்பியை
முக்கால்வாசி அறுத்தபோது
கிரைண்டர் இருமி, நீலப்பொறி கக்கி
நின்றுபோனது.
வெல்டிங் ஷெட் முழுக்க
அடிப்பிடித்த பால் வாடை.

ஆர்மேச்சர் போய்விட்டது என்றான் குபேந்திரன்,
போனிலேயே மோந்து பார்த்தவன்போல.
சுற்றித் தர அறுநூற்று நாற்பது ராண்ட்.
செவ்வாய்க்கிழமை வா என்றான்.
எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

புதிது எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஆறு மாத உத்தரவாதம்.
கையில் எடுத்தால் பொம்மைபோல் லேசு.
பழையதன் சுவிட்சை இரண்டு தட்டு தட்ட வேண்டும்,
அது என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
ஆனால் பத்தே மாதத்தில்
இரண்டு ஜோடி பிரஷ், ஒரு பேரிங், ஒரு வயர்.
யோசித்தால்
புதிதை ஏற்கெனவே வாங்கித்தான் விட்டேன்,
துண்டு துண்டாக.

சாட்ஸ்வொர்த் யூனிட் ஏழில்
கேட் இல்லாத வாசலோடு
மிஸஸ் பாடையாச்சி
மூன்று முறை அழைத்துவிட்டார்.

அட்டைப்பெட்டியின் முதுகில்
கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.
எட்டு மணிக்கு,
லோட் ஷெடிங் அட்டவணை பிசகாமல்,
கரண்ட் போனது.
பழையதும் புதியதும்
ஒரே விலைக்கு வந்துவிட்ட இருட்டு.

ஆணியில் தொங்கிய ஹாக்ஸாவைத்
தடவி எடுத்தேன்.
மிச்சம் கால்வாசிதானே.