வலப்பக்கமாக நடத்தல்

காங்கேசன்துறையில் கோச்சி வந்து நின்றால்
ஆட்கள் இறங்கி முடியுமட்டும் பொறுத்திருப்பேன்.
பிறகு சுத்தியல், ரோச், சோக்குக்கட்டி,
கிறீஸ் துடைக்க ஒரு பழஞ்சாரத் துண்டு.

சில்லுகள் எப்பவும் என் வலப்பக்கம்.
கடைசிப் பெட்டியைச் சுற்றி
மற்றப் பக்கத்தால் திரும்பும்போதும் வலப்பக்கமே.
ஏன் ஒருநாளும் மாறி நடக்கிறதில்லை என்று
மேலதிகாரி ஒருமுறை கேட்டார்.
பழக்கம், சேர், என்றேன்.

தொண்ணூற்றைந்தில், பன்னிரண்டு வயதில்,
கைதடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஒரு ஷெல் என் இடக்காதைக் கொண்டுபோனது.
காது இருக்கிறது. மூக்குக்கண்ணாடி மாட்டலாம்.
உள்ளே ஓர் இலையான் மட்டும்
இன்னும் வெளியேற வழி தேடுகிறது.
வேலைக்கு எடுத்த அன்று டொக்டர் பின்னால் நின்று
மெல்ல ஒரு இலக்கம் சொன்னார்.
என் அதிஷ்டம், வலப்பக்கம் நின்றார்.

நல்ல சில்லு, தட்டினால், ணங் என்னும்.
அந்த ங்கன்னாவை
கிணற்றுக்கட்டில் விழுந்த செம்புபோல இழுக்கும்.
வெடித்த சில்லு ணக் என்று வாயை மூடும்.
மெல்லினத்தில் முடிந்தால் கொழும்புமட்டும் ஓடலாம்.
வல்லினத்தில் முடிந்தால் நிறுத்து.
இதை எந்தக் கைநூலிலும் எழுதவில்லை.

போன வெள்ளி, நீண்ட விடுமுறைக்கு முதல்நாள்,
இரவுக் கோச்சியின் ஐந்தாம் பெட்டி, மூன்றாம் சில்லு
இரண்டிலும் முடியவில்லை.
சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கமிருந்து உப்புக்காற்று வேறு.
மூன்றுதரம் தட்டினேன்.
காதுக்கு முதல் மணிக்கட்டுக்குத் தெரிந்தது:
ஈரமரத்தில் அடித்ததுபோல
அடி திரும்பி வரவில்லை.

ஜயலத்தைக் கூப்பிட்டேன்.
பொல்கஹவலப் பெடியன், வந்து ஒரு வருசம்,
இரண்டு காதும் முழுசு.
தட்டினான். தலையைச் சரித்தான். இன்னொருதரம் தட்டினான்.
"ஹரி நே, அண்ணே."
அவனுக்கு வல்லினமும் தெரியாது, மெல்லினமும் தெரியாது.

பெட்டியில் பெருக்கல் குறி போட்டேன்.
கழற்றச் சொன்னேன்.
அறுபத்துநாலு இருக்கை, அத்தனையும் பதிந்தது.
நிலைய அதிபர் அருளானந்தி ஓடிவந்தார்:
"ஒரு சத்தத்துக்காகவோ?"
வெள்ளவத்தைக்கு ஒடியல்மாப் பையோடு போகிற ஒரு அம்மா
ரோச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்துவிட்டு
"நல்லாத்தானே தம்பி கிடக்கு" என்றா.
நல்லாத்தான் கிடந்தது.
துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், ஒரு கோடுமில்லை.
அவவுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

நாற்பத்தைந்து நிமிசம் பிந்தி
ஒரு பெட்டி குறைந்து, சனம் நெருக்கி நின்றுகொண்டு
கோச்சி போனது.
அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில்
வல்லினம் என்று எழுதி, வெட்டி,
'சத்தம் திருப்தியில்லை' என்று எழுதினேன்.
பெட்டி பட்டறைக்குப் போயிருக்கிறது.
இன்னும் ஒரு பதிலும் இல்லை.

வீட்டில் யசோதினி புட்டுக் கோப்பையை வைத்தாள்.
ஏதோ கேட்டாள்.
"காணும்," என்றேன், "வயிறு நிரம்பிட்டுது."
அவள் பேசவில்லை.
மேசையைச் சுற்றி, கதிரையை விலக்கி,
என் வலப்பக்கம் வந்து நின்று
அதே குரலில் திரும்பக் கேட்டாள்:
"ஏன் இவ்வளவு பிந்தினது?"

கலியாணமாகிப் பதினொரு வருசம்.
கட்டிலில், கோயில் வரிசையில், மோட்டார்சைக்கிளால் இறங்கி நடக்கையில்
அவள் எந்தப் பக்கம் வருவாள் என்று
ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.
புட்டு ஆறிப்போனது.